செர்ரிப்பழத் துணி

லிங்கன், நெப்ராஸ்கா
14 ஏப்ரல் 1988

அன்புள்ள எல்வீரா அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ரேமண்ட் அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது?

சண்டையோடு தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்த வருடமும் மாநிலக் கண்காட்சிக்கு நீ ஒட்டுத்துணிப் போர்வை தைக்கவில்லை என்று உன் வீட்டுக்காரர் போனில் சொன்னார். ஏனாம்? உன் கையைப் போன்ற கை இந்த மாநிலத்தில் இன்னொன்று கிடையாது. தங்கச்சி என்பதால் சொல்லவில்லை. போர்வைக் கூடத்தில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு இத்தனை வருடங்களாக ஊரார் போர்வைகளையெல்லாம் புரட்டிக் காட்டுகிறவள் சொல்கிறேன். முன்பக்கம் அழகாகத் தைக்க நிறையப் பேருக்குத் தெரியும். உன் போர்வையைத் திருப்பினால் பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருக்கும்.

அந்தக் கையை வைத்துக்கொண்டு வியாழக்கிழமைதோறும் சர்ச்சின் அடித்தளத்தில் ஊசி பிடிக்கத் தெரியாதவர்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறாயாமே. தானம் செய்ய வேண்டுமென்றால் பணம் கொடுத்துவிட்டுப் போயேன். நாற்காலியில் உட்கார்ந்து நீ தைத்தால்தானே எனக்குப் பெருமை.

அத்தானுக்கு பாப்பி விதை வைத்த கொலாச்சி ரொட்டி அனுப்பியிருக்கிறேன். நீயே எல்லாவற்றையும் தின்றுவிடாதே.

அன்புத் தங்கை,
லியோனா


வெஸ்டன்
2 மே 1988

அன்புள்ள லியோனா,

ரொட்டி வந்தது. உன் அத்தானுக்கு இரண்டு கொடுத்தேன். மற்றதைப் பற்றிக் கேட்காதே.

கண்காட்சிக்குப் போர்வை வரும். ஆனால் அது என்னுடையது அல்ல, என் வகுப்புப் பெண்களுடையது. "பல கைகள்" என்று எழுதித் தருகிறேன், அப்படியே பதிந்துகொள். எங்கள் ஊரில் ஒரு விடுதி இருப்பது உனக்குத் தெரியும். புருஷனிடம் அடி தாங்காமல் உடுத்திய துணியோடு ஓடிவந்த பெண்கள் தங்கும் இடம். அவர்களுக்குத்தான் வகுப்பு. அதை நடத்தும் மிஸஸ் ஹோல்ட் ஒரே ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறாள்: எங்கும் பெயர் வரக் கூடாது. அதனால் போர்வையின் பின்னால் நாம் எப்போதும் தைக்கும் பெயர்த்துண்டு இதில் இருக்காது. பெயர் போடாத போர்வையை அனாதை என்று வகுப்பில் சொல்லிவைத்தவளே நான்தான். என்ன செய்வது, இது அனாதையாகவே வரட்டும்.

வகுப்பில் முதலில் தலையணை உறை தைக்கச் சொல்வேன். அந்த வீட்டில் கட்டில், தட்டு, துண்டு எல்லாமே யாரோ கொடுத்தவை. தலை வைக்கிற இடமாவது சொந்தமாக இருக்கட்டுமே. வந்த புதிதில் கை நடுங்கி நூல் கோக்க முடியாதவர்கள் இப்போது என் தையலில் குற்றம் கண்டுபிடிக்கிறார்கள்! கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

மேவிஸ் என்று ஒருத்தி. அறுபதைத் தாண்டியவள், என்னைவிடப் பெரியவள். மேற்கே ஒரு பண்ணையிலிருந்து வந்தவள். போன வாரம் தான் ஓடிவந்தபோது போட்டிருந்த கவுனைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தாள். வெள்ளைத் துணியில் சின்னச் சின்னச் செர்ரிப் பழங்கள். தோள் தையல் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"இதையா வெட்டப்போறீங்க? தோள்ல நாலு தையல் போட்டா உடுத்திக்கலாமே"ன்னு கேட்டேன்.

"வேணாம் எல்வீரா. அந்தத் தோள் எப்படிக் கிழிஞ்சதுன்னு எனக்குத்தானே தெரியும். ஆனா துணிமேல எனக்கென்ன கோவம்? முட்டை வித்த காசுல நானே வாங்கினது. கடைசித் துண்டு, இனிமே இந்தத் துணி வராதுன்னு கடைக்காரன் சொன்னான். அந்தக் கடையும் மூடியாச்சு."

"ரொம்ப அழகா இருக்கு."

"எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. ஜாம் பாட்டில் மாதிரி இருக்கேம்பாரு. சர்ச் வாசல்ல நாலு பேர் முன்னாடி, 'ஏ ஜாம் பாட்டில், வண்டில ஏறு'ம்பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து நேராக வெட்டினாள், பார், கை ஆடவே இல்லை. போர்வையின் நட்டநடுவில் இருக்கிற நட்சத்திரம் அந்தத் துணிதான். இவள் கையைப் பார்த்தபின் என் கையைப் பற்றிப் பெருமை பேசாதே.

அன்புடன்,
எல்வீரா


லிங்கன்
30 ஆகஸ்ட் 1988

என் அருமை அக்கா,

நீல ரிப்பன்! உன் பெண்களுக்கு முதல் பரிசு! சொல்லிவிடு, எல்லோருக்கும் சொல்லிவிடு. நான் ஏப்ரலில் எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நடுவர் அம்மா அந்தப் போர்வை முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் என் முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

இன்னொரு சங்கதி கேள். நேற்று ஒருவர் வந்தார். வயதானவர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உன் பெண்களின் போர்வை முன்னாலேயே நின்றார். ஆண்கள் இந்தக் கூடத்துக்கு வருவதே மனைவி இழுத்துவந்தால்தான். இவர் தனியாக நின்றார்.

"ஏம்மா, அந்தச் செர்ரிப் பழத்துணி... எங்க வீட்டுக்காரி கிட்ட இதே துணில ஒரு கவுன் இருந்துச்சு"ன்னார். கண் கலங்கியிருந்தது அக்கா. மனைவியை இழந்தவர் போலிருக்கிறது, பாவம். கையுறையோடு போர்வையைத் தூக்கிப் பக்கத்தில் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்க்கக்கூட விட்டேன், யாரிடமும் சொல்லாதே.

"யாரு தைச்சதும்மா?" என்றார்.

நீ சொன்னபடி பெயர் எதையும் சொல்லவில்லை. "வெஸ்டன்ல எங்க அக்கா எல்வீரா சொல்லிக்குடுக்கறா, அவ பொண்ணுங்க தைச்சது" என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நன்றி சொல்லிவிட்டுப் போனார். நாம் தைக்கிற துணி யாரோ ஒருவருக்கு அவர் மனைவியை ஞாபகப்படுத்துகிறது பார். இதைவிடப் பெரிய பரிசு உண்டா?

ரிப்பனை நானே கொண்டுவந்து தருகிறேன்.

உன் பெருமைமிக்க தங்கை,
லியோனா


வெஸ்டன்
8 செப்டம்பர் 1988

லியோனா,

உன் கடிதம் கிடைத்ததும் போனில் உன்னிடம் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. அமைதியாக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

அவர் மனைவியை இழந்தவர் அல்ல. மேவிஸின் புருஷன். பெயர் வரக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தோம். எங்களில் ஒருத்திக்காவது துணியும் ஒரு பெயர்தான் என்று தோன்றவில்லை. நாலு துண்டைக் காட்டினால் எது யாருடைய சட்டை, எது யாருடைய திரைச்சீலை என்று சொல்லிவிடுகிற நாமே இதை மறந்துபோனோம்.

உன் கடிதம் வந்த மத்தியானமே மிஸஸ் ஹோல்ட் மேவிஸைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டாள். எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. சலவைக்கடையில் அவளுக்கு வேலை கிடைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "உன் மேல தப்பில்ல"ன்னா. அதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தேன், அவர் என் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே உட்காரவைத்தேன். நான் பாட்டுக்குச் சட்டத்தில் மாட்டியிருந்த போர்வையில் ஊசி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"என் பொண்டாட்டி எங்கம்மா?"

"எனக்குத் தெரியாதுங்க." அது சத்தியமான உண்மை.

"அது அவ கவுன்."

"எது, அந்தச் செர்ரித் துணியா? அடக் கடவுளே, நெப்ராஸ்கால பாதிப் பொம்பளைங்க வீட்டுப் பெட்டில அது கெடக்குங்க. இவ்வளவு தூரம் வந்தீங்களே, பாவம். காப்பி குடிக்கிறீங்களா?"

நம்பினாரா தெரியவில்லை. காப்பி குடிக்காமல் போனார். அன்றைக்குப் போட்ட தையலையெல்லாம் மறுநாள் பிரித்தெடுத்தேன்.

வகுப்பு நின்றுவிட்டது. எப்போது மறுபடி தொடங்கும், தொடங்குமா என்று மிஸஸ் ஹோல்ட் சொல்லவில்லை. அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாராம். அந்தத் துணி ஒன்றுதான் அவருக்குக் கிடைத்த தடயம், அதைப் பிடித்துக்கொண்டே என்னையும் விடுதியையும் சுற்றிவருவார். மேவிஸ் இனி எங்கே தலைகாட்டினாலும் பயந்துகொண்டுதான்.

ரிப்பனைக் கொண்டுவராதே. நீயும் வராதே. கொஞ்ச காலத்துக்கு எழுதவும் வேண்டாம்.

எல்வீரா


லிங்கன்
3 அக்டோபர் 1988

அன்புள்ள அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். என் குரல் கேட்டதும் போனை வைத்துவிடுகிறாய், வேறு என்ன செய்ய?

செர்ரித் துணி மேவிஸுடையது என்று நீ மே மாதமே எழுதியிருந்தும், அதை மறந்துவிட்டு அந்த மனிதருக்காக நான் இரக்கப்பட்டேன். பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்ததும் மூச்சுவிடாமல் பேசுகிறவள் நான். உனக்குத் தெரியாததா? மன்னித்துவிடு என்று கேட்கப்போவதில்லை. மேவிஸ்தான் மன்னிக்க வேண்டியவள், அவளிடம் கேட்க வழியில்லை.

அத்தானிடம் கேட்டேன், நீ ஊசியே தொடுவதில்லையாம். அக்கா, அதை மட்டும் செய்யாதே.

லியோனா


லிங்கன்
19 பிப்ரவரி 1989

அன்புள்ள அக்கா,

நீ பதில் போடாவிட்டால் பரவாயில்லை, இதை மட்டும் படி.

மேவிஸின் நட்சத்திரத்தை நான் படம் எடுத்துவைத்திருந்தேன். அதை அச்சடித்து மாநிலத்தில் இருக்கிற தையல் சங்கம் ஒவ்வொன்றுக்கும் அனுப்பினேன். "இந்தத் துணி யாரிடமாவது இருக்கிறதா? உள்ளங்கை அளவு இருந்தாலும் போதும்" என்று. காரணம் சொல்லவில்லை. இந்தமுறை வாயைப் பூட்டிக்கொண்டேன்.

நம் தையல் பெண்களைப் பற்றி உனக்கே தெரியும். துணி வாங்குவதற்கு நமக்குக் காரணம் வேண்டாம், தூக்கிப்போடத்தான் ஆயிரம் காரணம் வேண்டும். எல்லோரும் கட்டிலுக்கடியில் கையை விட்டிருக்கிறார்கள். தினம் தபாலில் உறை வருகிறது அக்கா! ஏப்ரனிலிருந்து வெட்டியது, பொம்மைச் சட்டை, சமையலறைத் திரையின் ஓரம். கான்ஸாஸிலிருந்துகூட வந்தது. ஒருத்தி, "எதுக்குன்னு கேக்க மாட்டேன், ஆனா என் மாமியார் ஏப்ரனை வெட்டச் சாக்குக் குடுத்ததுக்கு நன்றி" என்று எழுதியிருக்கிறாள். கடைக்காரன் மேவிஸிடம் சொன்னது அவன் கடைக்கு மட்டும் பொருந்தும் போல.

இனி இந்தத் துண்டுகளையெல்லாம் பிரித்து ஊர் ஊராகத் திருப்பி அனுப்பப்போகிறேன். ஆளுக்கு ஒன்று. இந்த வருடம் தைக்கிற போர்வையில் எங்காவது ஓரிடத்தில் வைத்துவிடுங்கள் என்று.

அன்புடன்,
லியோனா


லிங்கன்
5 செப்டம்பர் 1989

அன்புள்ள அக்கா,

அவர் வந்தார்.

வருவார் என்றுதான் நானும் மூன்று நாளாக நின்றேன். அதே தொப்பி. போன வருடம் போர்வை தொங்கிய இடத்துக்கே நேராக நடந்தார். அங்கே வேறொரு போர்வை. அதன் மூலையில் செர்ரிப் பழம். அடுத்ததில் பூவின் நடுவில் செர்ரிப் பழம். ஓரப்பட்டையில், கூரை வடிவத்தின் புகைபோக்கியில், தொட்டில் போர்வையில் வாத்தின் கழுத்தில். கூடம் முழுக்க. அவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"இதை யாரு தைச்சது?"

கையுறையால் பின்பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். பெயர்த்துண்டில் ஒரு பெயர், ஓர் ஊர்.

"அது?"

அதையும் காட்டினேன். வேறு பெயர், வேறு ஊர்.

"எல்லாத்துலயும் இருக்கே இந்தத் துணி" என்றார்.

"ஆமாங்க. ரொம்பச் சாதாரணத் துணி. எத்தனை பேர் கிட்ட இருக்குன்னு கணக்கே இல்ல. எங்க வேணும்னாலும் போய்ப் பாருங்க."

தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கண்காட்சியின் பன்றிக் கொட்டகைப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். கையுறையால் மூக்கைத் துடைத்தேன், அதற்கு நீ திட்டலாம்.

இத்துடன் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். வில்பர் ஊரில் ஒரு கிழவி அந்தத் துணியில் நாலு கெஜம் வெட்டாமலே வைத்திருந்தாள். உன்னிடம் இருக்கட்டும், என்ன செய்வதென்று உனக்குத் தெரியும்.

லியோனா


வெஸ்டன்
22 அக்டோபர் 1989

அன்புள்ள லியோனா,

பொட்டலத்தை அன்றே மிஸஸ் ஹோல்ட்டிடம் கொடுத்தேன். பதில் வரட்டும் என்றுதான் காத்திருந்தேன், உன்மேல் கோபத்தில் அல்ல. சரி, கொஞ்சம் கோபத்திலும்தான்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நானும் கண்காட்சிக்கு வந்திருந்தேன், கடைசி நாள். நீ பார்க்கவில்லை, யாரோ ஒரு பெண்ணுக்குத் தொட்டில் போர்வையைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாய். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கே பார்த்தாலும் அந்தப் பழங்கள். சில பேர் தையல் கண்ணராவி, மன்னிக்கவும், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் அதைவிட அழகான கூடத்தை நான் பார்த்ததில்லை. எதற்கென்றே தெரியாமல் அத்தனை பெண்களும் தைத்திருக்கிறார்கள். வாயே மூடாத என் தங்கை ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு அவர்களைத் தைக்க வைத்திருக்கிறாள். உன்னிடம் வந்து பேசியிருந்தால் அழுதிருப்பேன், அதனால் பஸ் ஏறிவிட்டேன்.

அந்த மனிதரிடம் நான் பொய் சொன்னேன் என்று பாவமன்னிப்புக் கேட்டிருந்தேன். பாதிரியார் ஜெபமும் கொடுத்தார். இப்போது நெப்ராஸ்காவில் பாதிப் பெண்கள் பெட்டியில் அந்தத் துணி இருக்கிறது. செய்த ஜெபத்தை அவர் திருப்பித் தருவாரா என்று கேட்க வேண்டும்.

மேவிஸிடமிருந்து தகவல் நேற்று வந்தது, மிஸஸ் ஹோல்ட் வாயால். அந்த நாலு கெஜத்தை அவள் வெட்டிவிட்டாளாம். போர்வைக்கு அல்ல. கவுன் தைத்திருக்கிறாள், தோளில் இரட்டைத் தையல் போட்டு. பட்டப்பகலில் அதை உடுத்திக்கொண்டு கடைவீதிக்குப் போகிறாளாம்.

வகுப்பு மறுபடி தொடங்கிவிட்டது. பெண்கள் அதிகம், நான் ஒருத்தி. வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வந்துவிடு.

உன் அக்கா,
எல்வீரா