அடுப்படி பிளக்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம், சற்றுப் பூசினாற்போலக்கூட ஆகிவிட்டேன்.

என்னைவிட என் லேப்டாப் பேட்டரிதான் அதிகம் ஊதிவிட்டது. மூடி மூடவே இல்லை. பயப்படாதீர்கள், தீயெல்லாம் பிடிக்கவில்லை. ரிப்பேர் கடைக்காரர்தான் என்னை ஒரு பிடி பிடித்தார். "ராத்திரி பகலா சார்ஜ்லயே கிடந்தா அது என்னங்க பண்ணும்? எண்பது பர்சென்ட் வந்ததும் கழட்டிடுங்க!" இப்போது நல்ல பிள்ளையாகக் கழற்றிவிடுகிறேன்.

உங்கள் பழைய லேப்டாப்புக்கும் புது பேட்டரி போடத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். இனி ஒயரைப் பிடுங்கினாலும் அணையாது. ஹாலில் சாய்ந்துகொண்டு வீடியோவில் பேசலாம்.

ஆனாலும் என்னோடு பேசும்போது மட்டும் பழையபடி அடுப்படி பிளக் பக்கத்திலேயே உட்காருங்கள். இங்கே நான் தட்டோடு உட்காரும்போது உங்கள் குக்கர் விசில் கேட்க வேண்டும்.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. மறந்துவிடாதீர்கள், அடுப்படியில்தான்.

உங்கள் மகள்