நாலாவது வரிசைக்கு நல்ல தண்ணீர்

14, செவ்வாய்.

காலையிலேயே பசுமைக்குடிலில் வழுக்கி உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டேன். அமீரகத்து அல் ஐன் வெயிலில் காய்ந்ததும் பேண்ட்டின் பின்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. சலீம் விடுவானா? "அண்ணே, பின்னாடி கருவாடு காயுது" என்று ஆளைக் கூட்டிச் சிரித்தான். ஒரே நாளில் வந்தோம், ஒரே வேலை, ஒரே ரூம். எனக்கு அப்படி எரிந்தது.

மதியம், ஆராய்ச்சி செய்யும் கோயம்புத்தூர் மேடம் கத்திக்கொண்டே வந்தார். நாலாவது வரிசை நெல்லுக்கு யாரோ நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டார்களாம்.

"இந்த நெல்லுல ஒரே மரபணு ரெண்டு நகலா இருக்கு. நல்ல தண்ணியில ரெண்டும் ஒரே வேலைதான் செய்யும். உப்புல தவிக்கும்போதுதான் ஒண்ணு மட்டும் பிரிஞ்சு, உப்பைத் தடுக்கிற புது வேலைக்குப் போகுதான்னு தெரியும். அதுக்குத்தானே மூணு வாரமா வாட வச்சேன்? நேத்து சாயங்காலம் யார் டியூட்டி?"

டியூட்டி சலீமுடையது.

"நான் ஊத்தலை மேடம்."

"அப்ப அதுவே எழுந்து போய்க் குடிச்சுதா? உன் லீவு கேன்சல்."

அடுத்த வாரம் ஊருக்குப் போக வேண்டியவன். பிறந்த பிள்ளையை இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறான். என்னைப் பார்த்தான். நான் பேண்ட்டைத் தட்டிக்கொண்டு நின்றேன். இன்னும் சிரிடா என்றுகூட நினைத்தேன்.

இப்போது பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். நானும் மூன்று பெற்றவன். வாடிக் கிடப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. நேற்று அவன் தொழப் போயிருந்த நேரத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றியது நான்தான்.