தக்கை பறந்த சத்தம்

கூட்டாளி,

இன்று காலை போறணை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்த போத்தல் ஒன்றின் தக்கை தானாகப் பறந்தது. பாண் வேகும் மணத்தை அமுக்கிக்கொண்டு இஞ்சியும் புளிப்பும் கிளம்பின. கம்பளை பேக்கரியில் நின்றவனை அது ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் உன் லயத்து அறைக்குக் கொண்டுபோய்விட்டது.

உன் தங்கச்சி கல்யாணத்தில் ஒரு சொட்டுக் கள்ளு இருக்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றாய். கூலியைக் கள்ளுத் தவறணையில் கொட்டியே செத்தவர் உன் அப்பா. அந்தத் தவறணை கங்காணியின் மைத்துனனுடையது. கொடுத்த கூலியை இப்படித் திரும்ப வாங்கிக்கொள்வதற்குத் தோட்டத்தில் வழக்கம் என்று பெயர்.

"கள்ளுக்குப் பதிலா என்னடா குடுப்ப, பச்சத் தண்ணியா?" என்று கேட்டேன்.

"இஞ்சிச் சோடா. துரை பங்களாவுல தெறக்குற மாதிரி டப்புனு தெறக்கணும். லயம் முழுக்கச் சத்தம் கேக்கணும்."

முதலில் போட்ட போத்தல்கள் ஊமையாகக் கிடந்தன. அடுத்த முறை பேக்கரி லீவில் வந்தபோது, பாண் மாவைப் புளிக்கவைக்கும் கள்ளு மண்டியில் கொஞ்சம் கொண்டுவந்தேன். நீ திட்டுவாய் என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்துச் சிரித்தாய். "கள்ளுல பொறந்தா கள்ளாவே கெடக்கணுமா? அப்ப நாம லயத்துலயே சாகணுமாக்கும்."

அப்போதும் மலைக்குளிரில் மண்டி உறங்கிப்போனது. போத்தல்களைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் கிடத்தினாய். காற்று கசியாதபடி தக்கையில் மெழுகு பூசி, சணல் கயிற்றால் குறுக்கே கட்டினாய். "சீனி முழுக்கப் புளிக்குறதுக்குள்ள அடைச்சிடணும். மிச்ச இனிப்புதான்டா உள்ள காத்தாகுது" என்று கண்டுபிடித்தவனும் நீதான். "அண்ணே, கல்யாணம் எனக்கா, போத்தலுக்கா?" என்று தங்கச்சி கேலி செய்தாள்.

தாலி கட்டியதும் கயிற்றை அறுத்தாய். டப்! முகத்தில் தெறித்த நுரையை வழித்துக்கொண்டே கிழவிகள் சிரித்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. அன்று தவறணைக்கு ஒருவரும் போகவில்லை.

சத்தம் கேட்டுக் கங்காணி வந்தார். முகர்ந்தார். "களவாக் கள்ளா போடுற?"

"குடிச்சுப் பாருங்க ஐயா. போதை இருந்தா என்னைய அடிங்க."

அவர் குடிக்கவில்லை. குடித்தால் உண்மை தெரிந்துவிடுமே. தடியால் போத்தல்களை உடைத்தார். மறுநாள் துரை, கதிரையை விட்டு எழாமலே, தோட்டத்திலிருந்து உன் பெயரை வெட்டினார்.

பெயர் வெட்டப்பட்டவனை வேறு எந்தத் தோட்டமும் சேர்க்கவில்லை. என்னைத் தேடிக் கம்பளைக்கு வந்தாய். மழைக்காலம். மா மூட்டைகளுக்குப் பின்னால் சாக்கில் கிடந்து, காய்ச்சலில் இருமி இருமிச் செத்தாய். தங்கச்சி வரக் கேட்டாளாம். கொழுந்து பறிக்க ஆளில்லை என்று கங்காணி விடவில்லை.

விதி என்றார்கள். விதியின் கையில் தடி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

உடையாமல் தப்பிய ஒரு போத்தலின் அடிமண்டியை இஞ்சியும் சீனியும் போட்டு இன்றுவரை வளர்க்கிறேன். நன்றாகத்தான் பொங்குகிறது. ஆனால் அன்றிலிருந்து எந்தத் தக்கையையும் பெருவிரலால் அமுக்கி, காற்றை மெல்ல மெல்ல விட்டு, சத்தமில்லாமல்தான் திறக்கிறேன்.

சத்தம் கேட்க வேண்டும் என்றவன் நீ. இன்று காலை அது தானாகவே கேட்டது. உன் நினைவு வருவதற்கு முன்பே என் கண் வாசலுக்குப் போய்விட்டது, யாராவது தடியோடு வருகிறார்களா என்று.