ஹாலில் மலை, அறையில் அவர்

14.3.1994, திங்கள்

காலமான கணவரின் படத்தை நான் ஹாலிலிருந்து விரட்டவில்லை. நாத்தனார் ஊரெல்லாம் சொல்வது தவறு.

ஹால் சுவரில் அவர் ஆசையாக வாங்கிய பெரிய மலை ஓவியம் இருந்தது. மகன் ரவி, அப்பாவின் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்து அங்கே மாட்டினான். "மலைய உன் ரூம்ல மாட்டிட்டேம்மா" என்று சொல்லி ஊருக்குப் போய்விட்டான்.

படுத்தால் கால் மலையை நோக்கி நீள்கிறது; சாமி குடியிருக்கும் மலைக்குக் காலை நீட்டலாமா? திரும்பிப் படுத்தால் தலை வடக்கே போகிறது. நேற்று ஆள் வைத்து இரண்டு படங்களையும் இடம் மாற்றினேன்.

"எங்கண்ணன உள்ள தள்ளிட்டீங்களே அண்ணி!" என்றாள் நாத்தனார். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

இப்போது என் கால் அவரை நோக்கி நீள்கிறது. அவர் பொறுத்துக்கொள்வார்.

ரவிக்கு எழுதிக் கேட்க வேண்டும்: உனக்குச் சம்மதமா? போன் வேண்டாம். கடிதமாக எழுது, உன் அத்தையிடம் காட்ட வேண்டும்.