சிறிய தாழியின் ஐந்து கிண்ணங்கள்

அக். 25, புதன்

காலையிலிருந்து தூறல். தங்கச்சிமடத்தில் ஏறிய பஸ் பாம்பன் பாலத்தில் இருபது நிமிடம் நின்றது. முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன். ஆட்கள் இறங்கிக் கடலோடு செல்ஃபி. மியூசியம் வந்து சேரப் பத்தரை.

பூஜை விடுமுறைக்குப் பின் இன்றுதான் திறப்பு. சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஆயுத பூஜைக்கு வைத்தவை அப்படியே இருந்தன. கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர், கார் சாவி, கூடவே புதைகுழியில் கிடைத்த இரும்புக் கத்தி. துருவேறி இற்றுப்போன கத்தி. அதுவும் ஆயுதமாம், சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார்கள். முதுமக்கள் தாழிகள் நான்குக்கும் பொட்டு.

அதையாவது துடைத்துவிடலாம். இரண்டாம் அலமாரியைத் திறந்தேன். இறந்தவர்களோடு தாழிக்குள் வைத்திருந்த கிண்ணங்கள், கருப்பு சிவப்பு, பதிவேட்டுப்படி முப்பத்தாறு. எல்லாம் கழுவிக் கவிழ்த்துப் பளபளவென்று. அடியில் என் கைப்பட எழுதிய எண் ஒன்றில்கூட இல்லை.

துப்புரவு பார்க்கும் முனியம்மா அக்காவுக்குப் பெருமை வேறு. "ஒவ்வொண்ணுலயும் கரியாக் கிறுக்கியிருந்துச்சும்மா. புளியும் தேங்கா நாரும் போட்டுத் தேச்சு எடுத்துப்புட்டேன். சார்தான் எல்லாத்தையும் கழுவச் சொன்னாக."

அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டில் பூஜைக்குக் குத்துவிளக்கு தேய்ப்பது மாதிரி தேய்த்திருக்கிறார். சொல்ல வேண்டியது காப்பாட்சியரை. (இனி கா. முழுசாக எழுதக் கை கூசுகிறது.)

கா. சொன்னது: "எல்லாம் ஒரே மாதிரி சட்டிதானேம்மா? சைஸ் வாரியா அடுக்குங்க. அடுத்த வாரம் மேலிடத்துலேர்ந்து வர்றாங்க, பார்க்க அழகா இருக்கணும்."

அவர் மேசை மட்டும் ஒழுங்கு. குண்டூசிகூட இறைந்து கிடக்கவில்லை. அதிசயம்.

மீன் வாங்க மறந்தேன்.

அக். 26, வியாழன்

வெயில். புழுக்கம். தலைவலி.

எது எந்தத் தாழியினுடையது என்று இனி எப்படிச் சொல்வது? மூன்று தாழி பெரியது, ஒன்று சிறியது. சிறியதில் குழந்தை எலும்பு. அதோடு ஐந்து கிண்ணம், சங்கு வளையல் ஒரு துண்டு. சாயல்குடிப் பக்கம் பேச்சியம்மாளின் மிளகாய்க் கொல்லையில், குட்டை வெட்டும்போது அவரே கண்டெடுத்தது. ஒப்படைத்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்: "பச்சப்புள்ள சாமான், தாயி. மத்ததோட கலந்துப்புடாதீக."

"கலக்க மாட்டோம்" என்றேன். சத்தியம் பண்ணாத குறை.

பதிவேட்டைப் பார்த்தால், கிண்ணம், க.சி. (கருப்பு சிவப்பு), 1. கிண்ணம், க.சி., 1. அவ்வளவுதான். போட்டோ இல்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டது நான். இதையும் இங்கே எழுதிவைக்கிறேன். மற்றவர்களை மட்டும் திட்டினால் நியாயமில்லை.

நினைவில் இருப்பது:
– ஒன்றின் விளிம்பில் சில்லு போயிருக்கும்
– ஒன்று மிகச் சிறியது, உள்ளங்கைக்குள் அடங்கும்
– மற்ற மூன்று? ம்ஹூம்.

கா.விடம் போய்ச் சொன்னேன். "ஏதாவது அஞ்சை எடுத்து வைங்க. செத்தவங்க வந்து கேக்கப் போறாங்களா?" சிரிப்பு வேறு. புது லேபிளும் அச்சாகி வந்துவிட்டது: ‘பண்டைக்காலச் சமையல் பாத்திரங்கள்’. சமையலாம்! புதைகுழிக்குள் யார் அடுப்பு மூட்டினார்கள்?

லேபிளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பேசியிருக்க வேண்டும்.

அக். 28, சனி

நேற்று வெள்ளி, வார விடுமுறை. துணி துவைத்தேன், காயவில்லை. நாள் முழுக்கப் போனை எடுப்பதும் வைப்பதும்.

இன்று காலை பேச்சியம்மாளைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நாளைக்கு வாரேன்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அக். 29, ஞாயிறு

கா. வரவில்லை. பேச்சியம்மாள் பதினொரு மணிக்கு வந்தார். எனக்கு ஒரு பொட்டலம் வற்றல் மிளகாய். வாங்கவே கூச்சமாக இருந்தது.

தரையில் போர்வை விரித்துக் கிண்ணங்களை இறக்கினேன். சில்லு போனதை உடனே எடுத்தார். "என் மம்பட்டி கொத்துனது. இது தெரியாதா எனக்கு."

பிறகு அதற்குள் வேறொன்றை வைத்துப் பார்த்தார். ஆடியது. எடுத்துவிட்டு அடுத்தது. "ஒண்ணுக்குள்ள ஒண்ணா உக்காந்திருந்துச்சு தாயி, ஆடாம. நாந்தான பிரிச்சு எடுத்தேன்."

எனக்கு இது தோன்றவில்லை. இத்தனை படித்து என்ன பிரயோசனம்? ஒரு மணி நேரம் ஆயிற்று. நான்கு கிண்ணம், ஒன்றுக்குள் ஒன்று, அசைவே இல்லை. ஒரே கை வனைந்தது. ஐந்தாவதை, அந்த மிகச் சிறியதைக் காணோம். எண்ணினால் மொத்தம் முப்பத்தைந்துதான் இருக்கிறது.

தண்ணீர் குடிக்க எழுந்தோம். கா. அறையில் முனியம்மா அக்கா பெருக்கிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் அந்த வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அந்தா, அங்கன இருக்குல்ல."

மேசை மேல். குண்டூசி நிறைய.

வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. ஊசிகளை அவர் மேசை நடுவிலேயே கொட்டினேன். கிண்ணத்தைத் துடைத்துப் பேச்சியம்மாள் கையில் கொடுத்தேன். நான்காவதுக்குள் வைத்தார். உட்கார்ந்தது.

"புள்ளைக்கிப் பாலு ஊத்தி வச்சதாத்தான் இருக்கும்" என்றார். ஆய்வறிக்கையில் யாரும் இப்படி எழுத மாட்டார்கள். எனக்கு அதுதான் சரியென்று படுகிறது.

பெரிய தாழிகளின் முப்பத்தொன்றும் கலந்தது கலந்ததுதான். அவற்றுக்காக வந்து நிற்க ஆளில்லை.

அக். 30, திங்கள்

நல்ல மழை. எனக்கு மெமோ. ‘காப்பாட்சியரின் மேசையிலிருந்த பொருளை யாருடைய அனுமதியின் பேரில் எடுத்தீர்கள்? மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும்.’

படித்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

முனியம்மா அக்கா: "வேணும்னா நாந்தான் எடுத்தேன்னு சொல்லிர்றேம்மா." வேண்டவே வேண்டாம் என்றேன்.

அம்மா: "மன்னிப்பு எழுதிக் குடுத்துரு. மேல உள்ளவுகளப் பகைச்சுக்கிட்டு எங்க போயி நிப்ப?"

குடை கம்பி ஒடிந்துவிட்டது.

நவ. 2, வியாழன்

கல்லறைத் திருநாள். திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டம். கடல் காற்றில் ஒரு மெழுகுவர்த்தியும் நிற்கவில்லை. அம்மா தம்பியின் சிலுவையில் பெயரைக் கருப்பு பெயிண்டால் மறுபடி எழுதினாள். பதினோரு நாள் இருந்தவன். உப்புக் காற்று வருஷா வருஷம் அழிக்கிறது, இவளும் வருஷா வருஷம் எழுதுகிறாள். பக்கத்துச் சிலுவையில் பெயர் முழுக்கப் போய்விட்டது. யாரென்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

"மன்னிப்பு எழுதிட்டியா?" என்று கேட்டாள், பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே.

"இல்லம்மா."

பெயிண்ட் டப்பாவை மூடி என் கையில் கொடுத்தாள்.

மதியம் மியூசியம். ஐந்துக்கும் மறுபடி எண். போட்டோ, அளவு, எல்லாம் பதிவேட்டில். சமையல் லேபிளைக் கழற்றிவிட்டுக் கையால் எழுதி வைத்தேன்: ‘குழந்தையின் தாழி. உடன் வைத்த கிண்ணங்கள் ஐந்து. பிரிக்கக் கூடாது.’

மெமோவுக்குப் பதில், கா. கையிலேயே கொடுத்தாயிற்று. நகல் இங்கே:

‘பொருளை எடுத்தது உண்மை. அது சிறிய தாழியிலுள்ள குழந்தைக்குச் சொந்தமானது. குழந்தைக்குக் கையெழுத்துப் போட வராது. அதனால் நான் போட்டிருக்கிறேன்.’