நான் படுத்திருந்த நாளின் பில்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டி வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று பதறாதே. அறைத்தோழிக்குப் பாம்புக் காது. அவளும் என் அலுவலகம்தான்.

எங்கள் மருத்துவமனை பில்களைத் தணிக்கை செய்ய ஆட்கள் வருகிறார்கள். அதற்குமுன் நாங்களே பழைய பில்களைப் புரட்டினோம். நான் காய்ச்சலில் படுத்திருந்த அன்று, யாரோ ஒரு நோயாளிக்கு எடுக்காத ஸ்கேனுக்கு, நான் போட்டதாக என் பெயரில் பில் போயிருக்கிறது. வராதவர்கள் பக்கத்து சீட்டுக்குப் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவது இங்கே வழக்கம். என் பக்கத்து சீட்டு அறைத்தோழிதான். அன்றைய விடுப்பும் பதிவில் இல்லை. “ஒரு நாள்தானே, லீவ் எழுத வேணாம்” என்று மேனேஜர் அப்போது பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்.

இப்போது என்றுமில்லாத திருநாளாக டீ வாங்கிக் கொடுத்து, “நீதான் போட்டிருப்பே, மறந்திருக்கும். கையெழுத்துப் போட்டுடும்மா” என்கிறார். அவளோ என் துணியையும் சேர்த்துத் துவைக்கிறாள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஒரு சின்ன உதவி. அன்று நான் தூங்கும்வரை போனை அடுப்படியில் சாய்த்து வைத்து வீடியோவில் பேசிக்கொண்டே சமைத்தாயே, அப்போது திரையில் போர்வையும் மூக்குமாக இருந்த என்னைத் தங்கை படம் பிடித்தாள். அழிக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். அழிக்க வேண்டாம் என்று சொல்.

சாவிச் சத்தம் கேட்கிறது. பதிலில் படத்தைப் பற்றி எழுதாதே. முட்டி வலியைப் பற்றி நிறைய எழுது. அதை அவள் படித்தாலும் பரவாயில்லை.

உன் மகள்