கிழக்கு முகட்டில் தெளிந்த வானம்

செவ்வாய்க் கோள், நாள் 214 — 07:40
புழுதிப்புயல் ஓய்ந்தது. நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு வானம் தெளிவு. வெப்பம் மைனஸ் 58.

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: நான் மெர்லின் தேவசகாயம், பாறை ஆய்வாளர், வயது ஐம்பத்திரண்டு. முகாமில் நானும் பொறியாளர் இத்ரீஸும் மட்டும். அவனுக்குக் கால் முறிந்து, புண் சீழ் பிடித்திருக்கிறது. மருந்து முந்தாநாளோடு தீர்ந்தது. மீட்புக் கப்பல் இன்று 15:10க்கு அடிவானத்தை ஒட்டிக் கடக்கும். அதுதான் கடைசிச் சுற்று. பள்ளத்தாக்கிலிருந்து எங்கள் குரல் அதற்கு எட்டாது. முகட்டு ஆன்டெனாவைப் புயல் சாய்த்துவிட்டது. ஏறிப்போய் நிமிர்த்த வேண்டும். ஏற ஆறு மணி நேரம், இறங்க மூன்று. காற்று பத்து மணி நேரத்துக்கு.

09:55
செங்குத்து. சரளைக்கல். இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்குகிறது. இந்த அசதி இன்றைக்கு வந்ததல்ல. நான் சரியாகத் தூங்கிப் பல வாரமாகிறது.
தலைக்கவச ரேடியோவில் இத்ரீஸ்: "அக்கா, மூச்சு ரொம்ப வாங்குது. நின்னு போங்க."
நான்: "நின்னா நேரமாயிடும்டா."

11:50
விழுந்தேன். மாற்றுக் காற்று உருளையின் வால்வு பாறையில் மோதி உடைந்தது. அடைத்துப் பார்த்தேன், கசிவு நிற்கவில்லை. மீதிக் காற்று 16:00 வரை. இப்போதே திரும்பினால் இரண்டு மணி நேரத்தில் முகாம். நான் பிழைப்பேன். கப்பல் போய்விடும்.
இத்ரீஸ்: "என்ன சத்தம்?"
"கல்லு உருண்டுச்சு."
"பொய் சொல்றீங்க. கீழே வந்துடுங்க அக்கா. எனக்காக வேணாம்."

12:10
இருபது நிமிடம் அங்கேயே கிடந்தேன். இறங்கத்தான் மனசு. அதையும் எழுதி வைக்கிறேன். இப்போது மேலே போகிறேன். ஏனென்று விளக்கத் தெம்பில்லை.

14:35
முகடு. எத்தனையோ மைலுக்கு மலைமேல் மலை, ஒரு தூசு இல்லை. அழகு என்று எழுத வேண்டும். எனக்கு முழங்கால் வலிதான் தெரிகிறது. கம்பத்தை நிமிர்த்த மூன்று முறை முயன்றேன். மூன்றாவதில் நின்றது.

15:12
இத்ரீஸின் அலைவரிசையை மூடிவிட்டுப் பேசினேன்.
கப்பல்: "சிக்னல் கிடைத்தது. எத்தனை பேர்?"
"முகாமில் ஒருத்தர். கால் அழுகுது, சீக்கிரம் வாங்க."
"ஆறரைக்குள் இறங்குவோம். நீங்கள் எங்கே?"
"முகட்டில். நாற்பத்தெட்டு நிமிஷக் காற்று இருக்கு."
"மன்னிச்சுக்குங்க மேடம்."
"அவன்கிட்ட இப்ப சொல்லாதீங்க. முதல்ல காலைப் பாருங்க."

15:44
இத்ரீஸ்: "கப்பல் பேசுச்சு அக்கா! வர்றாங்க! நீங்க எதுவரைக்கும் வந்துட்டீங்க?"
"பாதி இறங்கிட்டேன்."
"மெதுவா வாங்க. படுத்தபடியே கஞ்சி வெச்சிருக்கேன்."
"உப்பு போட்டியா?"
"போட்டேன், போட்டேன்."

15:57
கம்பத்தில் சாய்ந்திருக்கிறேன். அவன் விடாமல் கூப்பிடுகிறான். "அக்கா, இப்ப எங்க?" இப்போதுதான் சொன்னேன், முகாம் விளக்கு தெரியுதுடா என்று. அவன் சிரித்தான். மறுபடி கேட்கிறான். பதில் சொல்ல மூச்சு